அமிகா 500இல் 68010 பொருத்துவது எப்படி, எதற்காக?

1987இல் கொமடோர் வெளியிட்ட அமிகா 500 என்ற வீட்டுக் கணினியில் இருப்பது மோட்டோரோலா 68000 பிராசசர். 64 கால்கள் கொண்ட அந்த நீளமான சிப் சாக்கெட்டில்தான் செருகப்பட்டிருக்கிறது. அதன் அடுத்த பதிப்பான 68010இன் கால் அமைப்பும் அதுவே என்பதால் சால்டரிங் இல்லாமல் மாற்றிவிடலாம்.

வேகத்துக்காக மட்டும் என்றால் இது வேண்டாம். சிப்பின் மேல் 'பி10' என்று இருந்தால் 10 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்று அர்த்தம், அவ்வளவே. வேகத்தைத் தீர்மானிக்கும் கிளாக் துடிப்பு போர்டிலிருந்து வருகிறது. பி.ஏ.எல். (PAL) டிவி முறைக்கான இயந்திரத்தில் அது 7.09 மெகாஹெர்ட்ஸ்தான். பெருக்கல் கட்டளை ஒன்று அதிகபட்சம் 70 சைக்கிளிலிருந்து 42க்கு இறங்கும், மிகச் சிறிய லூப்கள் வேகமாகச் சுற்றும். ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் வித்தியாசம் கண்ணில் படாது.

உண்மையான லாபம் வி.பி.ஆர். (வெக்டர் பேஸ் ரெஜிஸ்டர்) என்ற ரெஜிஸ்டர், அதாவது பிராசசருக்குள் இருக்கும் சிறு நினைவிடம். கீ அழுத்துவது போன்ற குறுக்கீடு (இன்டரப்ட்) வந்தால் எங்கே போக வேண்டும் என்ற முகவரிப் பட்டியல் 68000இல் நினைவகத்தின் பூஜ்ஜியத்திலேயே கிடக்கும், கேம்கள் அதன்மேல் எழுதிவிடும். 68010இல் பட்டியலை வேறு இடத்துக்கு நகர்த்தலாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டபிள்யூ.எச்.டி.லோட் என்ற மென்பொருள் மூலம் கேம் ஓட்டுபவர்களுக்கு இதுதான் முக்கியம்: கேமிலிருந்து வெளியேறும் கீ வேலை செய்யும், ஒவ்வொரு முறையும் ரீசெட் செய்ய வேண்டாம்.

மின்சாரத்தைத் துண்டித்து, அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றி, கீபோர்டு கனெக்டரை உருவி, உலோகக் கவசத்தை எடுங்கள். பழைய சிப்பின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்வது அவசியம். தட்டை ஸ்க்ரூடிரைவரை சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மட்டும் நுழைத்து, இரு முனைகளையும் மாறி மாறிக் கொஞ்சங்கொஞ்சமாக நெம்புங்கள். சாக்கெட்டுக்கு அடியில் நுழைத்தால் போர்டின் செப்புக் கோடுகள் அறுந்துவிடும்.

புதுச் சிப்பின் கால்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். மேசையில் பக்கவாட்டில் அழுத்தி நேராக்காமல் செருகினால் ஏதாவது ஒரு கால் அடியில் மடங்கும். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மூடும் முன் ஓட்டிப் பாருங்கள். பவர் விளக்கு மங்கலாகவே நின்று திரை எழும்பவில்லை என்றால் பிராசசர் ஓடவில்லை. முதலில் திசையையும் கால்களையும் பாருங்கள், பிறகு சாக்கெட்டுக்குக் கான்டாக்ட் கிளீனர்.

இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் 68000இன் மேல் 68010 என்று புதிதாக அச்சடித்தவையும் உண்டு. பிராசசர் எதுவென்று காட்டும் சிஸ்இன்ஃபோ என்ற நிரலை ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

சில பழைய மென்பொருள்கள் படுத்துவிடும். பிராசசரின் நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிக்கும் கட்டளையை 68000இல் எந்த நிரலும் கூப்பிடலாம். 68010இல் சூப்பர்வைசர் என்ற கூடுதல் உரிமையுள்ள நிலையில் மட்டுமே முடியும். டெசிஜெல் என்ற சிறு நிரலை ஸ்டார்ட்டப்பில் சேர்த்தால் வொர்க்பெஞ்சில் (அமிகாவின் திரைச் சூழல்) ஓடும் மென்பொருள்கள் பெரும்பாலும் சரியாகும். ஃபிளாப்பியிலிருந்து நேராக பூட் ஆகும் கேமுக்கு அது உதவாது. அதற்காகவே பழைய 68000ஐ ஆன்டிஸ்டாட்டிக் ஃபோமில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.