கையைப் பிடித்துக்கொள்ளும், ஆண்டவரே

நேற்று இரவு அமெரிக்க நற்செய்திப் பாடகி மஹாலியா ஜாக்சன் குரலில் ‘பிரஷியஸ் லார்ட், டேக் மை ஹேண்ட்’ பாடலை மூன்று முறை கேட்டேன். அதன்பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

1932 ஆகஸ்ட். நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி நெட்டியை சிகாகோவில் விட்டுவிட்டு, எழுப்புதல் கூட்டத்தில் பாட செயிண்ட் லூயிஸ் போயிருந்தார் இந்தப் பாட்டை எழுதிய தாமஸ் ஏ. டார்சி. கூட்டத்தின் நடுவே அவர் கையில் ஒரு தந்தியைக் கொடுத்தார்கள். பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டார். பிறந்த ஆண் குழந்தையும் பிழைக்கவில்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

டார்சி ஒரு காலத்தில் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையை வாசித்தவர். ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். கடவுள் தனக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று குமுறினார், பழைய இசைக்கே போய்விட நினைத்தார். சில நாள் கழித்து ஒரு பியானோ முன் உட்கார்ந்தபோது, விரல்கள் ஒரு பழைய ஞானப்பாட்டு மெட்டில் போய் நின்றன. அதன்மேல் இந்த வரிகள் வந்து அமர்ந்தன.

இதில் “ஏன்?” என்ற கேள்வியே இல்லை, கவனித்தீர்களா? களைத்துவிட்டேன், தளர்ந்துவிட்டேன், கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போம். அவ்வளவுதான். அதற்குமேல் பேச அந்த மனிதரிடம் தெம்பு இல்லை. என்னை உலுக்குவது அதுதான்.

1968 ஏப்ரல் 4, மெம்பிஸ். லொரைன் மோட்டல் பால்கனியில் நின்றபடி, இன்றிரவு இந்தப் பாட்டை அழகாக வாசிக்க வேண்டும் என்று இசைக்கலைஞர் பென் பிராஞ்சிடம் கேட்டார் மார்ட்டின் லூதர் கிங். சில நொடிகளில் குண்டு பாய்ந்தது.

அவருடைய இறுதிச் சடங்கில் மஹாலியா இதைப் பாடினார். 1972இல் மஹாலியாவின் இறுதிச் சடங்கில் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடினார்.