எம்ஆர்எஸ்இ தேர்வு: எதையும் படமாகப் போட்டுப் பாருங்கள்

எம்ஆர்எஸ்இ (எம்ஆர்ஐ பாதுகாப்பு நிபுணர்) தேர்வு ரிசல்ட் வந்தாயிற்று, பாஸாகிவிட்டேன். கேட்ட எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். தேர்வில் என்ன கேள்வி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல முடியாது.

நான் இருப்பது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் இமேஜிங் மையத்தில். ஒரே தாழ்வாரத்தில் மனிதர்களுக்கு 3 டெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு) எம்ஆர்ஐ ஸ்கேனர், எலிகளுக்கு 9.4 டெஸ்லா ஸ்கேனர். எனக்கென்று பெரிய ஆராய்ச்சி ஒன்றும் கிடையாது. மற்றவர்களின் ஆராய்ச்சி ஓட வேண்டும், ஸ்கேனருக்குள் போகிற ஆளுக்கும் எலிக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, அதுதான் வேலை. "ஸ்டென்ட் வைத்த தன்னார்வலரைச் சேர்க்கலாமா?" என்று ஒருவர் வந்து நிற்பார். அவருக்குப் பதில் சொல்வதற்குள் எலிக்கூடத்திலிருந்து மயக்கமருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு இன்னொருவர் வருவார். இந்த மாதிரி வேலையில் இருப்பவர்கள் எம்ஆர்எஸ்ஓ-வோடு (எம்ஆர்ஐ பாதுகாப்பு அதிகாரி தேர்வு) நின்றுவிடாமல் எம்ஆர்எஸ்இ எழுதலாம் என்பது என் கருத்து. இயற்பியல் படித்தவர்களுக்கு அதுதான் ஒத்துவரும்.

எனக்கு மனப்பாடம் சுத்தமாக வராது. அதனால் ஒரே ஒரு வித்தையை வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஸ்கேனரைப் பக்கவாட்டில் வெட்டின மாதிரி ஒரு படம்: நடுவில் ஐசோசென்டர் (காந்தத்தின் நட்டநடுப் புள்ளி), குழாயின் வாய், உட்சுவர், அவ்வளவுதான். எந்தத் தலைப்பைப் படித்தாலும் "இது எங்கே உச்சம்?" என்று கேட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளி.

- இழுவிசை: வாய்ப் பக்கம். புலமும் புலத்தின் சரிவும் பெருக்கினால் வருவது. இரும்பு காந்தச் செறிவு (அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலை) அடைந்துவிட்டால் சரிவு மட்டும்தான் கணக்கு.
- முறுக்குவிசை: ஐசோசென்டர். இழுவிசை கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கிற அதே இடத்தில் இது முழு வேகத்தில் நிற்கும்.
- கிரேடியன்ட் (புலத்தை வேகமாக மாற்றும் காயில்) நரம்பைத் தூண்டுவது: ஐசோசென்டரில் இல்லை, தள்ளி, காயிலின் முனைகள் பக்கம்.
- ஆர்எஃப் (ரேடியோ அலை) தீக்காயம்: உட்சுவரை ஒட்டிய தோல். அப்புறம் கைகோத்தல், தொடையும் தொடையும் உரசுதல் மாதிரி உடலே ஒரு வளையமாகிற இடங்கள்.

இந்த நாலு புள்ளியும் மனதில் விழுந்துவிட்டால் பாதிக்கு மேல் முடிந்தது என்று நான் சத்தியம் பண்ணுவேன். அட்டவணை போட்டுப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

அலகு மாற்றத்தையும் அதே தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இம்ப்ளான்ட் (உடலுக்குள் வைத்த கருவி) சீட்டில் புலச் சரிவின் வரம்பு சென்டிமீட்டருக்கு 720 காஸ் (டெஸ்லாவை விடச் சிறிய அலகு) என்று இருக்கும், ஸ்கேனர் தாளில் மீட்டருக்கு இத்தனை டெஸ்லா என்று இருக்கும். மீட்டருக்கு 1 டெஸ்லா என்றால் சென்டிமீட்டருக்கு 100 காஸ். ஆக அந்த 720 என்பது 7.2.

"ஒரு இம்ப்ளான்ட் 1.5 டெஸ்லாவுக்கு ஓகே என்றால் 3-க்கு ஆகாது, 3-க்கு ஓகே என்றால் 1.5-க்குக் கண்டிப்பாக ஆகும்" என்று நினைக்கிற ஆட்கள் என் மையத்திலேயே உண்டு. இரண்டாவது பாதி தப்பு. ஆர்எஃப் அலைநீளம் உடலுக்குள் சுருங்கிவிடும். 1.5 டெஸ்லாவில் அதில் பாதி ஏறக்குறைய 26 சென்டிமீட்டர், 3 டெஸ்லாவில் ஏறக்குறைய 13. கம்பியின் நீளம் இதற்குப் பக்கத்தில் வந்தால் நுனி நன்றாகச் சூடேறும். ஒரு லெட் (பேஸ்மேக்கர் போன்றவற்றின் கம்பி) 3-இல் அமைதியாக இருந்துவிட்டு 1.5-இல் சுடலாம். கண்டிஷனலில் (எந்த நிபந்தனையில் ஸ்கேன் செய்யலாம் என்ற குறிப்பில்) எந்தப் புலம் எழுதியிருக்கிறதோ அந்தப் புலம் மட்டும்தான்.

எலிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தேர்வு முழுக்க மனித நோயாளியை வைத்துத்தான், நம் பழக்கமோ தலைகீழ். மயக்கத்தில் இருக்கும் சுண்டெலிக்கு உடல் வெப்பத்தைக் காக்கத் தெரியாது, குழாயும் குளிர்ந்து கிடக்கும், அதனால் வெப்பக் காற்று விட்டுக்கொண்டே இருப்போம். நம் பயமெல்லாம் சுண்டெலி சில்லிட்டுவிடுமோ என்றுதான். தேர்வில் பயம் சூட்டின் மேல். ஆனால் ஒரு விஷயத்தில் நாம்தான் முந்தி: வாயைத் திறந்து "சுடுகிறது" என்று சொல்ல முடியாத உடலோடு தினமும் பழகுகிறோம். மயக்கம் கொடுத்த நோயாளி, உணர்ச்சியில்லாத கால், அழைப்புப் பந்தை அமுக்க முடியாத குழந்தை எல்லாம் அதே கதைதான். கேபிள் சுருண்டிருக்கிறதா, தோலைத் தொடுகிறதா என்று நம் கண் தானாகப் போகும்.

சிலிண்டரும் அப்படித்தான். 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன், 2018-இல் மும்பையில் உறவினருக்குத் துணையாக வந்த இளைஞர், இரண்டு பேர் சாவுக்கும் காரணம் ஸ்கேன் அறைக்குள் போன ஆக்சிஜன் சிலிண்டர். ஐசோஃப்ளூரேன் (மயக்கமருந்து) வண்டியில் தொங்குவதும் சிலிண்டர்தானே. இந்தப் பகுதியை நான் படிக்கவே இல்லை, படிக்கத் தேவைப்படவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு தெரிந்திருக்க வேண்டியவை:

- முழு உடல் சார் (SAR, உடல் உறிஞ்சும் ஆர்எஃப் சக்தி): சாதாரண நிலையில் கிலோவுக்கு 2 வாட், முதல் கட்டுப்பாட்டு நிலையில் 4. தலைக்கு 3.2. ஆறு நிமிடச் சராசரி.
- ஃபிளிப் கோணத்தை (ஆர்எஃப் துடிப்பு அணுக்கருக்களைச் சாய்க்கும் அளவு) பாதியாக்கினால் சார் காலாகும். அதே சீக்வென்ஸ் 1.5-இலிருந்து 3-க்குப் போனால் நாலு மடங்கு.
- பி1 ஆர்எம்எஸ் (ஆர்எஃப் புலத்தின் சராசரி வலிமை) நோயாளியின் எடையைப் பார்க்காது, சார் பார்க்கும். புது இம்ப்ளான்ட் சீட்டுகள் ஏன் அதற்கு மாறுகின்றன என்பது இதிலேயே இருக்கிறது.
- நோயாளியின் இதயத் துடிப்பு நின்றுவிட்டால் குவெஞ்ச் (காந்தப் புலத்தை அணைக்கும்) பொத்தான் பக்கமே போகாதீர்கள். புலம் இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். சிபிஆர் செய்துகொண்டே வெளியே கொண்டுபோக வேண்டும்.
- பழைய குறிப்புகளில் 5 காஸ் கோடு (வெளியாட்கள் தாண்டக் கூடாத எல்லை). 2022 ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்பத் தர அமைப்பு) பதிப்பிலும் 2024 ஏசிஆர் (அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி) கையேட்டிலும் 9 காஸ். சீனியர்கள் கொடுக்கும் நோட்ஸை அப்படியே நம்பாதீர்கள்.

ஏசிஆர் கையேட்டைக் கதைப் புத்தகம் மாதிரி முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை படித்தால் போதும். அடிக்கோடு போட்டு நாலு தடவை படித்த நண்பர்கள் உண்டு, எனக்குப் பொறுமை இல்லை. பயிற்சிக் கணக்குக்குக் காசு கொடுத்து எதையும் வாங்கவில்லை. மையத்துக்கு வந்திருந்த பழைய இம்ப்ளான்ட் விண்ணப்பங்களை எடுத்து, பெயரை மறைத்துவிட்டு, எங்கள் 3 டெஸ்லாவின் புல வரைபடத்தோடு ஒப்பிட்டுப் போட்டேன். அந்த வரைபடம் உங்களிடம் இல்லையென்றால் சர்வீஸ் இன்ஜினியர் அடுத்த முறை வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கொடுப்பார்கள்.