முழு டேங்க் காட்டும் முள்ளு

இண்டைக்குக் காலமை மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில ஒரு பழைய மொறிஸ் மைனர் கார். பெற்றோல் மீற்றர் முள்ளு 'முழு டேங்க்' எண்டு நிக்குது. உள்ளுக்க ஒரு சொட்டுப் பெற்றோல் இல்ல.

மீற்றரை மாத்த ஓட வேணாம்.

சுவிச் போட்டதும் முள்ளு சட்டெண்டு துள்ளுற பழைய வகையில, டேங்குக்குள்ள பெற்றோல் மட்டம் அளக்கிற மிதவையில மின்தடை வெறும் டேங்குக்கு 0 ஓம், நிறைஞ்சா 70 ஓம் அளவு. வயர் அறுந்தாலோ, ஏர்த் (டேங்க் கார் பொடியோட சேர்ற மின்தொடுப்பு) விட்டாலோ தடை கூடும். முள்ளு நிறைவுக்கே ஏறும். பொல்லாத பொய்!

சுவிச்சை நிப்பாட்டி, மிதவை வயரைக் கழட்டி, டேங்குக்குத் தூரமா கார் பொடித் தகரத்தில தொடுத்துட்டு சுவிச்சைப் போடுங்க. முள்ளு வெறுமைக்கு இறங்கினா மீற்றரும் வயரும் சரி.

மிச்சம் டேங்க் ஏர்த், இல்லாட்டி மிதவை. வாவிக்கரை உப்புக்காத்துல ஏர்த் திருகாணிக்குக் கீழதான் துரு பிடிக்கும். உப்புத்தாளால உரசி, தனி ஏர்த் வயர் ஒண்டு இழுத்து விடுங்க.

முள்ளு மெல்ல ஏறுற பிந்தின வகையில எல்லாம் தலைகீழ்.