மறுதாம்பு வாழையின் விளைச்சல்

வாழையில் முதல் தார் வெட்டியதும் என் கவனம் முழுவதும் அடியில் நிற்கும் பக்கக்கன்றின் மேல் போய்விடுகிறது. தாய்மரத்தின் கிழங்கோடு ஒட்டியே வளர்வதால், புதிதாக நட்ட கன்றைப் போல வேர்பிடிக்கக் காத்திராமல் அது விரைவில் தார் தள்ளுகிறது. இப்படிப் பக்கக்கன்றிலிருந்து எடுக்கும் அடுத்த விளைச்சலே மறுதாம்பு; நல்ல மண்ணில் முதல் மறுதாம்பின் தார் தாய்மரத்துத் தாரைவிடப் பெரிதாக அமைவதும் உண்டு. ஆனால் கன்றுத் தேர்வு முக்கியம்: ஈட்டி போன்ற குறுகிய இலையும் தடித்த அடியும் கொண்ட கன்றையே நிறுத்த வேண்டும், சிறு வயதிலேயே அகன்ற இலை விரிக்கும் நீர்க்கன்றுக்குக் கிழங்கோடு உறுதியான பிடிப்பு இருப்பதில்லை.

நேந்திரன் போன்ற காய்வாழைகளில் நிலைமை வேறு. தாய்மரம் நிற்கும் வரை கன்றுகளின் வளர்ச்சி அடங்கியே இருப்பதால் மறுதாம்பு தாமதமாகிறது. தாம்புக்குத் தாம்பு கிழங்கு மண்ணுக்கு மேலே ஏறி வேர்கள் வெளியே தெரியும்போது, வேரைத் தாக்கும் நூற்புழுவும் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டும் சேர்ந்துகொண்டால், தாரின் பாரம் தாங்காமல் மரம் அடியோடு சாய்ந்துவிடுகிறது. உரத்தைக் கூட்டுவது மட்டும் இதற்குத் தீர்வாகாது என்பது என் உறுதியான கருத்து. அடியில் மண் அணைத்து, சருகால் நன்றாக மூடாக்கு இட வேண்டும். தார் வெட்டிய மரத்தையும் உடனே அடியோடு சாய்க்காமல் சில காலம் விட்டுவைத்தால், அதிலுள்ள நீரும் சத்தும் கன்றுக்கு இறங்கும்.