குடித்த மறுநாள் காலைக்குக் கொரியாவின் சூப்புகள்

தலை கனத்து, வாய் வறண்டு, வயிறு புரட்டிக்கொண்டு வரும் ஹேங்ஓவர் காலைக்கென்று உலகின் பல ஊர்களில் ஏதோ ஒரு சூப் இருக்கிறது. ஆனால், அதற்கென்றே ஓர் உணவு வகையை வளர்த்தெடுத்து, அதற்கென்றே கடைகள் நடத்தி, விடியும் முன்பே அடுப்பை மூட்டிவிடும் வழக்கம் கொரியாவில் வேரூன்றியிருக்கும் அளவுக்கு வேறெங்கும் நான் கண்டதில்லை. ஹேஜாங்குக் என்பது அந்தச் சூப்புகளுக்கான பொதுப்பெயர். ஊருக்கு ஊர் அதில் சேரும் பொருள் மாறும், காரமும் மாறும்.

சியோல் நகரத்தின் நடுவே, ஜோங்னோ பகுதியில் உள்ள சொங்ஜின்தோங் இதற்குப் பேர்போன இடம். அங்கே 1937இல் தொடங்கிய சொங்ஜினோக் என்ற கடை இன்றும் நடக்கிறது. மாட்டெலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்த சாற்றில் குடல், சீன முட்டைக்கோஸின் வெளி இலைகள், உறையவைத்த மாட்டு ரத்தத் துண்டுகள் எல்லாம் சேரும். ஆட்டு ரத்தப் பொரியல் தின்று வளர்ந்தவர்களுக்கு இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. இவை குடிகாரர்களை மட்டும் நம்பிப் பிறந்த கடைகள் அல்ல என்பதுதான் என்னைக் கவர்ந்த செய்தி. விடியற்காலையில் நகருக்குள் விறகு கொண்டுவந்து விற்றவர்களே தொடக்ககால வாடிக்கையாளர்கள். உடலுழைப்பாளிக்கு மலிவான, சூடான, உப்பும் கொழுப்பும் உள்ள சாப்பாடு எதுவோ, அதுவே இரவெல்லாம் குடித்தவனுக்கும் பொருந்திப்போயிற்று. 1945 முதல் 1982 வரை தென்கொரியாவில் நடப்பிலிருந்த ஊரடங்கு பெரும்பாலும் நள்ளிரவு முதல் அதிகாலை நான்கு மணி வரை நீடித்ததால், மதுக்கடைகளுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் நான்கு மணிக்கு வெளியே வந்ததும் முதலில் தேடியது இத்தகைய கடைகளைத்தான்.

சூப் குடித்தால் போதை இறங்கிவிடும் என்று நினைப்பது தவறு. மதுவைச் சிதைப்பது கல்லீரல். அது தன் வேகத்தில்தான் அந்த வேலையைச் செய்யும், எந்தச் சாறும் அதை விரட்ட முடியாது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வுத் தொகுப்பும், ஹேங்ஓவரைத் தடுக்கவோ தீர்க்கவோ எந்த வழிக்கும் உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது. ஆனால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மது அடக்கிவிடுவதால் உடலிலிருந்து நீர் வெளியேறுகிறது. இரைப்பையின் உள்படலமும் எரிச்சல் கொள்கிறது. அந்த நேரத்தில் இட்லியைக்கூட ஏற்க மறுக்கும் வயிறு, வெதுவெதுப்பான சாற்றை மடக்கு மடக்காக வாங்கிக்கொள்ளும். இழந்த நீரும் உப்பும் கொஞ்சம் சோறும் அதோடு சேர்ந்து உள்ளே போகின்றன. சூப்பால் ஆகக்கூடியது அவ்வளவுதான். ஆனால், அந்தக் காலையில் அதுவே பெரிய உதவி.

இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது எது என்று கேட்டால், தென்மேற்கில் உள்ள ஜியோன்ஜு நகரத்தின் கொங்நாமுல் குக்பாப்பைத்தான் சொல்வேன். முளைவிட்ட சோயா பயறும் சோறும் சேர்ந்த எளிய சூப் அது. காய்ந்த நெத்திலியும் கடற்பாசியும் போட்டு இறக்கிய தெளிந்த சாறுதான் அடிப்படை. உப்புக்கு ஊறவைத்த சிறு இறால். அவ்வூரின் நம்பு சந்தையில் இதைப் பரிமாறும் முறையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கிண்ணத்தில் ஆறிய சோற்றைப் போட்டு, கொதிக்கும் சாற்றை அகப்பையால் அதன்மேல் ஊற்றி, சோறு சிந்தாமல் அகப்பையால் அணைத்துப் பிடித்தபடி சாற்றை மீண்டும் பானைக்கே வடிக்கிறார்கள், இப்படிப் பலமுறை. சோறு குழையாமல் உள்வரை சூடேறுகிறது, சாறும் நாக்கைச் சுடாத பதத்துக்கு வந்துவிடுகிறது. வேறு சில கடைகளில் மண்சட்டியிலேயே தளதளவென்று கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பார்கள். வயிறு புரட்டும் காலையில் அந்தக் கொதியை எதிர்கொள்வது கடினம் என்பதால் எனக்குச் சந்தை முறையே உயர்வாகப் படுகிறது. பக்கத்திலேயே சிறு கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை வரும். அதில் சில கரண்டி சாறு விட்டு, மொறுமொறுப்பான கடற்பாசித் தாளைப் பிய்த்துப் போட்டு, சூப்பைத் தொடும் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும்.

மற்ற சில நாடுகளில் இரைப்பைச் சூப்புக்கு மவுசு. துருக்கியில் இரவெல்லாம் திறந்திருக்கும் கடைகளில் பூண்டும் வினிகரும் கலந்து தரும் இஷ்கெம்பே சூப், மெக்சிகோவில் வார இறுதிக் காலைகளில் ஓரிகானோ தூவி எலுமிச்சை பிழிந்து சாப்பிடும் மெனூதோ, இரண்டுமே கால்நடைகளின் இரைப்பையில் செய்பவை. ஜப்பானியர்கள் ஷிஜிமி என்ற சிறு மட்டியைப் போட்ட மீசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பை நாடுகிறார்கள்.

கொரிய வீடுகளில் செய்யும் புகோகுக் இவற்றைவிட எளிது. பொல்லாக் என்ற மீனைக் காயவைத்த கருவாடுதான் அதற்கு வேண்டும். அந்த மீனைத் தேக்வல்லியோங் போன்ற மலைப்பகுதிகளில் குளிர்காலம் முழுவதும் திறந்தவெளியில் தொங்கவிட, இரவில் உறைந்தும் பகலில் இளகியும் சதை மஞ்சளித்துப் பஞ்சுபோல் ஆகிவிடும். அந்த வகை கிடைத்தால் சூப் இன்னும் நன்றாக வரும். நாராகப் பிய்த்து, சற்று நனைத்துப் பிழிந்து, நல்லெண்ணெயில் வதக்கி, மெல்லிய முள்ளங்கித் துண்டுகளும் தண்ணீரும் சேர்த்து, சாறு பால்போல் வெளுக்கும்வரை கொதிக்கவிட்டு, கடைசியில் பூண்டும் அடித்த முட்டையும் விட்டு இறக்க வேண்டும். நம் ஊர்க் கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் அதை அப்படியே மாற்றாகப் போடக் கூடாது. தலை கிள்ளிய காய்ந்த நெத்திலியில் சாறு இறக்கி, அதில் முள்ளங்கியும் முட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய அந்தச் சுவை வந்துவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை இன்னும் குறைத்துக்கொள்ளலாம். தலைவலி தாங்கவில்லை என்று கூடவே பாராசிட்டமால் போட்டுக்கொள்ள வேண்டாம். மதுவைச் சிதைத்துக் களைத்திருக்கும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.