வேடரை மன்னிக்க வேண்டியவர் யார்? ஸ்டார் வார்ஸ் நாட்குறிப்பு

மே 3, சனி

ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படங்களை மறுபடி வரிசையாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம், நானும் அண்ணன் மகளும். அவளுக்குக் கல்லூரி லீவு. பிற்பாடு வந்த படங்களை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்தவள். வெளிவந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்: 1977, 1980, 1983, அப்புறம்தான் 1999 முதலான முன்கதை. கதை நடக்கும் வரிசையில் பார்த்தால், நல்ல பையன் ஒருவன் கெட்டுப்போன கதையாக அது சுருங்கிவிடும். வெளிவந்த வரிசையில் முதலில் டார்த் வேடர் என்ற கொடியவன் வருகிறான், அவன் கையால் ஆட்கள் சாகிறார்கள். அந்தக் கறுப்பு முகமூடிக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது என்பது ரொம்பப் பிந்தித்தான் தெரிகிறது. இரக்கம் வருவதற்கு முன் கோபம் வந்திருக்க வேண்டும்.

இன்று 1977 படம். கடத்தல்காரன் ஹான் சோலோவைப் பற்றி ஒன்று எழுதியே ஆக வேண்டும். மதுக்கடையில் அவனைப் பிடிக்க வந்த க்ரீடோ துப்பாக்கியை நீட்டியபடி எதிரே உட்கார்ந்திருக்கிறான். ஹான் இடது கையால் சுவரை மெல்லச் சுரண்டிக்கொண்டே பேச்சுக் கொடுக்கிறான். வலது கை மேசைக்கு அடியில் துப்பாக்கியை உருவுகிறது. சுடுகிறான். எழுந்து போகும்போது கடைக்காரருக்கு ஒரு காசை வீசி, இடத்தை அசிங்கப்படுத்தியதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறான். 1977இல் திரையரங்கில் ஓடியது இதுதான். 1997இல் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இதை மாற்றி, க்ரீடோவை முதலில் சுட வைத்தார். 2004இல் இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுடுவதாக ஆனது. 2019இல் மறுபடியும் கை வைத்தார்கள்.

இந்த மாற்றம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஹான் முதலில் சுட்டவனாக இருந்தால்தான் கடைசியில் அவன் திரும்பி வருவதற்குப் பொருள் உண்டு. கூலியை வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டவன், கதாநாயகன் லூக்கை வேடர் குறிபார்க்கும் நேரத்தில் சூரியன் பக்கமிருந்து பாய்ந்து வருகிறான். தன் உயிரைத் தவிர எதையும் மதிக்காதவன் இன்னொருவனுக்காக வருகிறான் என்பதல்லவா அந்தக் காட்சி! தற்காப்புக்காக மட்டுமே சுடுகிற நல்லவன் திரும்பி வந்தால் அதில் என்ன இருக்கிறது?

மே 4, ஞாயிறு

1980 படம். வேடர் லூக்கின் அப்பா என்பது அவளுக்கு முன்பே தெரியும். யாருக்குத்தான் தெரியாது. ஆனாலும் அவள் கேட்ட முதல் கேள்வி நேராக லூக்கின் குரு ஓபி-வான் மேல் பாய்ந்தது: "அத்தை, அப்போ அந்தத் தாத்தா பொய்தானே சொல்லியிருக்கார்?"

ஆமாம். ஆனால் அந்தப் பொய் உருவான விதம் சுவையானது. 1977இல், வேடர் உன் அப்பாவைக் காட்டிக்கொடுத்துக் கொன்றுவிட்டான் என்று ஓபி-வான் லூக்கிடம் சொன்னபோது அது கதைப்படி உண்மை. அடுத்த படத்துக்கு லீ ப்ராக்கெட் எழுதிய முதல் வரைவில், லூக்கின் அப்பா தனி ஆளாக ஆவி வடிவில் வருகிறார். ப்ராக்கெட் 1978இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு லூகாஸ் தானே எழுதிய வரைவில்தான் வேடர் அப்பாவானார். படப்பிடிப்பில் வேடர் உடையில் நின்ற டேவிட் ப்ரவுஸுக்குக்கூட இது தெரியாது. ஓபி-வான்தான் உன் அப்பாவைக் கொன்றவர் என்ற பொய் வசனத்தை அவரைப் பேச வைத்து எடுத்தார்கள். மார்க் ஹாமிலுக்கு மட்டும் எடுப்பதற்குச் சற்று முன்னால் காதில் போட்டார்கள். வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், அந்த வரியைப் படித்ததும் வேடர் பொய் சொல்கிறான் என்றே தான் நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

ஆக, எழுதியவர் மனம் மாறியதால் ஒரு நல்ல கிழவர் பொய்யரானார். இதைக் கதையின் ஓட்டை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இதனால்தான் ஓபி-வான் முழு மனிதரானார். மகனுக்குத் தெரியாமலே மகன் கையால் தகப்பனைக் கொல்ல வைக்கப் பார்க்கும் குரு அவர். 1983 படத்தில் லூக் நேரில் கேட்கும்போது, ஒரு கோணத்தில் பார்த்தால் நான் சொன்னது உண்மைதான் என்கிறார். என் அப்பாவை என்னால் கொல்ல முடியாது என்று லூக் சொன்னதும், அப்படியானால் வேடரின் எஜமான் பேரரசன் ஜெயித்துவிட்டான் என்கிறார். நல்லவர் பக்கத்து ஆள் பேசுகிற பேச்சு இது.

மே 10, சனி

வாரம் முழுக்க வேலை. இன்றுதான் 1983.

ஆரம்பத்திலேயே லூக் கறுப்பு உடையில் குற்றக்கும்பல் தலைவன் ஜப்பாவின் கோட்டைக்குள் நுழைகிறான். காவலர்களைத் தொடாமலே, கையை உயர்த்திக் கழுத்தை நெரிக்கிறான். அது வேடர் செய்வது. படம் அதைச் சொல்லிக் காட்டாமல் கடந்து போகிறது. அவள் பார்த்துவிட்டாள், சந்தோஷமாக இருந்தது.

பேரரசனின் அரியணை அறைக் காட்சியை இரண்டு தடவை ஓட்டினோம். நீ எங்கள் பக்கம் வராவிட்டால் உன் தங்கையாவது வருவாள் என்று வேடர் வாயை விட்ட நொடியில் லூக் வெறிபிடித்தவன் மாதிரி வெட்டுகிறான். அது வாள் வீச்சே இல்லை, விறகு பிளக்கிற அடி. வேடரின் கை துண்டாகி விழுகிறது. உள்ளே ஒயர்கள். லூக் அதைப் பார்க்கிறான், உடனே கறுப்புக் கையுறை போட்ட தன் கையைப் பார்க்கிறான். போன படத்தில் இதே வேடர் வெட்டியெறிந்த கை, அதற்குப் பதிலாக வைத்த இயந்திரக் கை. ஒரு வசனமும் இல்லை. லைட்சேபரை, அந்த ஒளிவாளை, தூக்கி எறிகிறான்.

நல்லவன் ஜெயிக்கிற நேரத்தில் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுகிறான். தோற்றால் சாவு என்று தெரிந்தே போடுகிறான். இந்தத் தொடரில் இதைவிடப் பெரிய இடம் இல்லை என்பது என் கருத்து.

அப்புறம் வேடர். பேரரசன் பாய்ச்சும் மின்னலில் லூக் துடிக்கிறான், அப்பா என்று கதறுகிறான். முகமூடி மகன் பக்கம் திரும்புகிறது, பேரரசன் பக்கம் திரும்புகிறது, மறுபடி மகன் பக்கம். கடைசியில் பேரரசனைத் தூக்கி எறிந்து மகனைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான். 1983இல் வேடர் ஒரு வார்த்தை பேசவில்லை. அசையாத அந்த முகமூடிக்குள் என்ன ஓடுகிறது என்று நாம்தான் உணர வேண்டும். 2011 ப்ளூ-ரேயில் 'நோ' என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கத்த வைத்துவிட்டார்கள். இணையத்தில் இப்போது கிடைப்பதும் இதுதான். நான் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை போட்டுக் காட்டினேன். இசையும் போய்விடுகிறது, அதுதான் வருத்தம்.

மே 11, ஞாயிறு

நேற்று தூங்கப் போகும் முன் அவள் கேட்டது இன்று முழுக்க மண்டைக்குள் ஓடுகிறது. "லேயாகிட்ட யாருமே கேக்கலையே அத்தை?"

லேயா லூக்கின் தங்கை. வேடரை மன்னிப்பாயா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, யோசித்துப் பார்த்தால் அப்படித்தான். 1977இல் சிறைக்குள் ஊசி நீட்டிய இயந்திரத்தோடு வந்து அவளை விசாரித்தது வேடர். அல்டெரான் என்ற அவளுடைய கிரகமே, வளர்த்த தாய் தகப்பன் உட்பட, வெடித்துச் சிதறியபோது அவளை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றதும் வேடர்தான். உத்தரவு தளபதி டார்கினுடையது, பிடித்திருந்த கை வேடருடையது. 1983இல் வேடர்தான் நம் அப்பா என்று லூக் சொன்னதும் அவள் வாயிலிருந்து வந்தது, ஓடிப் போய்விடு, ரொம்பத் தூரம் போய்விடு என்பதுதான்.

கடைசிக் கொண்டாட்டத்தில் ஓபி-வான், குரு யோடா இவர்களின் ஆவிகள் பக்கத்தில் அனகினின் ஆவி நிற்கிறது; அனகின் என்பது வேடரின் பழைய பெயர். 1983இல் அது செபாஸ்டியன் ஷா, வயதான முகம். 2004இல் அதை எடுத்துவிட்டு முன்கதையில் அனகினாக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனின் இளம் முகத்தை வைத்தார்கள். செய்த பாவங்களுக்கு முந்தைய முகம்! எனக்கு இந்த மாற்றம் ஹான் விஷயத்தைவிட மோசமாகப் படுகிறது. கிழட்டு முகத்தில் அத்தனை வருஷங்களும் இருந்தன.

லூக் மன்னித்தது சரி. அவன் மகன், அவனுக்கு இழந்த கை போக அப்பா கிடைத்தார். ஆனால் அல்டெரானுக்காக லூக் மன்னிக்க முடியாது.

மே 17, சனி

1999 படத்தைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. ஒன்பது வயது அடிமைப் பையன் அனகின் அம்மாவை அடிமையாகவே விட்டுவிட்டுப் போகிறான். அவனைக் கூட்டிப்போன ஜெடாய்கள், அந்த வாள்வீரத் துறவிகள், திரும்பி வந்து அவளை மீட்கவே இல்லை. மற்ற கேடெல்லாம் இந்த அலட்சியத்திலிருந்துதான் வருகிறது.

2002 படத்தின் காதல் வசனங்களை அவள் தாங்க முடியாமல் தலையணையில் முகம் புதைத்தாள். நானும் காப்பாற்ற முயலவில்லை. ஆனால் ஒரு காட்சியில் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அம்மா கைகளிலேயே இறந்துபோனதும் அனகின் அவளைக் கடத்தி வைத்திருந்த டஸ்கன் கூட்டத்தையே வெட்டிச் சாய்த்துவிட்டு வருகிறான். பட்டறையில் காதலி பேட்மேயிடம் சொல்கிறான்: ஆண்களை மட்டும் இல்லை, பெண்களையும் குழந்தைகளையும். அவள் தருகிற பதில், கோபப்படுவது மனித இயல்பு. படம் முடிவதற்குள் அவனைக் கல்யாணமும் செய்துகொள்கிறாள்.

பேட்மே செனட்டர். நீதி, சட்டம் என்று சபையில் பேசுகிறவள். டஸ்கன் குழந்தைகளுக்காக அந்தச் சபையில் ஒரு வார்த்தை எழவில்லை. இதைப் படம் வேண்டுமென்றே வைத்ததா, கவனிக்காமல் விட்டதா என்று அவள் கேட்டாள். வேண்டுமென்றே என்றுதான் நினைக்கிறேன். அனகின் பேசும்போது பின்னணியில் வேடரின் இசை எட்டிப் பார்க்கிறது.

ஜெடாய்களும் இந்தப் படத்தில் சுத்தமில்லை. யார் காசில், யாருக்காக என்று விளங்காத ஒரு நகல் படை. 2 லட்சம் தயார், இன்னும் 10 லட்சம் வளர்கிறது. போருக்கென்றே வளர்க்கப்பட்ட மனிதர்கள். யோடா அவர்களைக் கூட்டிக்கொண்டு போருக்குப் போகிறார்.

மே 18, ஞாயிறு

2005. முன்கதை மூன்றில் இதுதான் படம்.

அவள் கண்டுபிடித்த ஒன்றை எழுதிவைக்கிறேன். தொடக்கத்தில் கைகள் வெட்டுப்பட்டு மண்டியிட்ட எதிரி டூக்குவைக் கொல்லச் சொல்கிறார் பால்பட்டீன், பின்னாளில் பேரரசன் ஆகப்போகிறவர். அனகின் கொன்றுவிட்டு, இது ஜெடாய் வழியில்லை என்று தவிக்கிறான். பால்பட்டீன் சொல்லும் சமாதானம்: அவனை உயிரோடு விடுவது ஆபத்து. பின்னால் அதே பால்பட்டீன் தரையில் கிடக்க, ஜெடாய் மேஸ் விண்டு வாளை ஓங்கிக்கொண்டு சொல்வதும் ஏறக்குறைய அதே வரி. விசாரணைக்கு நிறுத்த வேண்டும், இது ஜெடாய் வழியில்லை என்று அனகின் கெஞ்சுகிறான். அந்த நிமிடத்தில் சொல்லளவில் சரியாகப் பேசுகிறவன் அனகின்தான்! உள்ளுக்குள் அவனுக்கு வேண்டியது நீதி இல்லை. பேட்மேயைச் சாகாமல் காக்கும் வித்தை பால்பட்டீனிடம் இருக்கிறது, அதனால் அந்த ஆள் உயிரோடு வேண்டும். நியாயமான வாதம், சுயநலக் காரணம். மேஸ் பக்கம் நேர் எதிர்.

அதற்கு முன் நகரத்தின் இரு முனைகளில் ஜன்னலோரம் நின்று அனகினும் பேட்மேயும் ஒருவர் திசையை ஒருவர் பார்க்கும் காட்சி. பேச்சே கிடையாது. 2002 வசனங்கள் எல்லாவற்றுக்கும் இது பரிகாரம்.

பிறகு ஜெடாய்க் கோயில். ஒளிந்திருந்த குழந்தைகள் வெளியே வருகிறார்கள். ஒரு பையன், ரொம்பப் பேர் வந்துவிட்டார்கள், நாங்கள் என்ன செய்வது என்று அனகினிடம் கேட்கிறான். காப்பாற்ற வந்தவர் என்ற நம்பிக்கை. லைட்சேபர் எரிகிற சத்தம், பையன் ஒரு அடி பின்வாங்குகிறான். அவள் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டாள். மீதியை ராத்திரி பார்த்தோம்.

மே 24, சனி

2015, 2017, 2019 மூன்றையும் இந்த வாரம் சாயங்காலங்களில் முடித்தோம். 2017 படத்தைப் பலர் வெறுக்கிறார்கள். எனக்கு அது உயிர். ஒரே இரவை அதில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். லூக் முதலில் சொல்லும்போது தான் வாளை எடுத்ததை மறைக்கிறான். அவன் மருமகன் கைலோ சொல்லும்போது லூக்கின் கண்ணில் கொலைவெறி. மூன்றாவதாக லூக் உண்மையைச் சொல்கிறான்: தூங்கும் மருமகனுக்குள் வளரும் இருட்டைப் பார்த்து ஒரு கணம் வாளை எரியவிட்டான், உடனே வெட்கினான், அதற்குள் பையன் கண் விழித்துவிட்டான். அரியணை அறையில் வாளை எறிந்தவன் இப்படிச் செய்வானா என்று கேட்கிறார்கள். செய்வான். அங்கேயும் தங்கை பெயரைக் கேட்டதும் முதலில் வெட்டத்தானே செய்தான்.

2019இல் கைலோ, அதாவது ஹான்-லேயா மகன் பென், திருந்துகிறான், நாயகி ரேயைக் காப்பாற்றுகிறான், அதே மூச்சில் செத்துப்போகிறான். தாத்தா மாதிரியே. தகப்பன் ஹானைக் குத்திக் கொன்றவன் அடுத்த நாள் காலையில் எழுந்து என்ன செய்வான், யார் முகத்தில் விழிப்பான் என்று காட்டும் துணிவு படத்துக்கு இல்லை. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம்.

மே 25, ஞாயிறு

1977இல் முதல் படம் வெளியானது இதே மே 25இல். இன்று புதுப்படம் எதுவும் போடவில்லை, பேசிக்கொண்டே இருந்தோம். தப்பு செய்துவிட்டு உயிரோடு இருப்பவர் இந்தத் தொடரில் யார் என்று நான் கேட்டேன். காஸியன் என்றாள். 2016 படத்தில் அறிமுகமாகும் போதே, காயத்தோடு ஏற முடியாத தன் ஒற்றனைச் சமாதானப்படுத்திக்கொண்டே சுட்டுவிடுகிறானே, அவன். ஆனால் அவனும் கடைசியில் செத்துவிடுகிறான்.

லாண்டோ என்றேன் நான். 1980 படத்தில் தன் ஊரைக் காப்பாற்ற நண்பன் ஹானை வேடரிடம் பிடித்துக் கொடுத்தவன். பேரம் ஒவ்வொரு தடவையும் மோசமாகிக்கொண்டே போக, மனம் மாறி விலங்கைக் கழற்றிவிட்டதும் ஹானின் கூட்டாளி சுவீ அவன் குரல்வளையைப் பிடிக்கிறான். லேயா தடுக்கவில்லை. மூச்சு முட்ட முட்ட, ஹானை இன்னும் காப்பாற்றலாம் என்றுதான் லாண்டோ சொல்கிறான். படம் முடியும்போது ஹானின் கப்பலில், ஹானுடையது மாதிரியே உடுத்திக்கொண்டு, அதே சுவீயோடு தேடக் கிளம்புகிறான்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. லாண்டோ நெருக்கடியில் செய்தது வேறு, வேடர் வருஷக்கணக்காகச் செய்தது வேறு என்கிறாள். சரிதான். நான் இரண்டையும் சமமாக வைக்கவில்லை. நான் பார்ப்பது லேயாவை. 1983 தொடக்கத்தில் அவள் ஹானை மீட்க மாறுவேடத்தில் ஜப்பாவின் கோட்டைக்குள் போகிறாள், உள்ளே காவலாளி வேடத்தில் முன்பே காத்திருப்பவன் லாண்டோ. போன படத்தில் சுவீ கையில் சாகட்டும் என்று விட்ட ஆளை நம்பி உயிரைப் பணயம் வைக்கிறாள். அவள் மன்னித்துவிட்டாள் என்பதற்கு அது போதும். வேடரை அவள் மன்னித்ததாக ஒன்பது படத்தில் எதிலும் ஒரு காட்சி கிடையாது.