பழைய ரேஸ் காரின் பின் பிரேக் வால்வு: ரப்பர் மாற்றினால் மட்டும் போதாது

பழைய ரேஸ் காரை எடுத்து வேலை பார்ப்பவர்கள் எஞ்சினோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள், கார்புரேட்டரைப் பளபளவென்று ஆக்குவார்கள், பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் லைனில் இருக்கிற அந்தச் சின்ன ப்ரொபோர்ஷனிங் வால்வை மட்டும் மேலாகத் துடைத்து அப்படியே மாட்டிவிடுவார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் ஒரு ரிப்பேர் கிட் வாங்கி, ஃபுளூயிட் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீலை மாற்றுவார்கள், அதோடு சரி. அதற்கப்புறம்தான் உண்மையான வேலையே இருக்கிறது என்பது என் கட்சி.

பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும், பின் டயரின் பிடிப்பு குறையும். அப்போதும் பின்னாலே முழு அழுத்தம் போனால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி கார் சுழன்றுவிடும். அதனால் இந்த வால்வு ஓர் அளவு வரை வருகிற அழுத்தத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேல் வருவதில் ஒரு பங்கை மட்டும் அனுப்புகிறது. உள்ளே வரும் அழுத்தத்தையும் வெளியே போவதையும் வரைபடமாகப் போட்டால் 400 பிஎஸ்ஐ-யில் (அழுத்தத்தின் அலகு) கோடு மடங்குகிறது, அதன்பின் 40 சதவீதம்தான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே 900 வந்தால் பின்னால் 600. வால்வில் இருக்கும் நாப்பை, அதாவது திருகும் குமிழைத் திருகும்போது உள்ளே ஸ்பிரிங்கின் இறுக்கம்தான் மாறுகிறது, அதாவது கோடு மடங்கும் இடம் மாறுகிறது. அந்த 40 சதவீதம் வால்வுக்குள் நகரும் பிஸ்டனின் அளவுகளால் வருவது, நாப்பால் அதை ஒன்றும் செய்ய முடியாது. பாதிப் பேர் குழம்புவது இங்கேதான்.

பிரிப்பதற்கு முன்னால் நாப்பின் திருகு எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். கழுவுவதற்கு ஆல்கஹால் அல்லது புது பிரேக் ஃபுளூயிட் மட்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, ஏனென்றால் டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஃபுளூயிட்டுக்கான இபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டாலே ஊதிவிடும். அளவு சரியாக இருக்கிறதே என்று டப்பாவில் கிடக்கும் நைட்ரைல் ஓ-ரிங்கைப் போடுவதும் வம்பு, அது எண்ணெய்க்கு ஆனது, இந்த ஃபுளூயிட்டில் தாங்காது. சீலின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் நல்லது. திருப்பிப் போட்டால் வால்வு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அடுத்து போர், அதாவது பிஸ்டன் நகரும் துளையின் உட்சுவர். டாட் 4 ஃபுளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், லைனில் அது சுற்றி வருவதும் கிடையாது, வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும். வார்ப்பிரும்பு பாடியாக இருந்தால் சீல் உட்காரும் இடத்தில் குழி விழுந்திருக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் மாட்டினால் ஹோனிங்கை, அதாவது துளையைக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவதை மறந்துவிடுங்கள். குழி போகும்வரை தேய்த்தால் இடைவெளி பெரிதாகி, அழுத்தத்தில் சீல் அதற்குள் பிதுங்கிக் கிழியும். துளைக்குள் ஸ்லீவ் (புது உட்குழாய்) போட வேண்டும், இல்லையென்றால் வால்வையே மாற்ற வேண்டும். அனோடைஸ் செய்த அலுமினியத்தை ஹோன் பண்ணவே கூடாது, அந்த மேற்பூச்சு போய்விட்டால் அப்புறம் அரிப்பதற்கு நாள் பிடிக்காது. தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வது.

மாட்டியபின் வால்வுக்கு முன்னால் ஒரு கேஜ், பின்னால் ஒரு கேஜ் வைத்து, பெடலை மெதுவாக அழுத்தி, 100 பிஎஸ்ஐ-க்கு ஒருமுறை இரண்டையும் குறியுங்கள். கோடு மடங்கும் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும், இரண்டாம் முறையும் அதே இடத்தில் மடங்க வேண்டும். பெடலை விடும்போதும் பாருங்கள். முன் கேஜ் பூஜ்யத்துக்கு வந்தும் பின் கேஜ் இறங்காமல் நின்றால் பிஸ்டன் ஒட்டுகிறது, பின் பிரேக் பிடித்தபடியே இருந்து சூடாகும். இந்தச் சோதனை செய்யாமல் ‘ரீபில்ட் செய்தது’ என்று விற்கும் வால்வை நான் வாங்க மாட்டேன்.

டிராக்கில் பின்னால் மிகக் குறைவாகப் போகும்படி வைத்து ஆரம்பியுங்கள், நேர் சாலையில் பிரேக் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், பின் சக்கரத்துக்கு முன்பாக முன் சக்கரமே லாக் ஆகிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான். அந்தக் காலத்து அளவைத் தேடி அலைய வேண்டாம். இப்போதைய டயருக்குப் பிடிப்பு அதிகம், எடை இன்னும் அதிகமாக முன்னால் சாயும், பழைய அளவில் பின் சக்கரம் லாக் ஆகிவிடலாம். மழை பெய்தால் கதை வேறு. பெடலை அவ்வளவு அழுத்தவே முடியாது, அழுத்தம் மடங்கும் இடத்துக்கு வரவே வராது, மடங்கும் இடத்தையே அந்த அழுத்தத்துக்கும் கீழே இறக்கினால் ஒழிய நாப்பைத் திருகி ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்லா அழுத்தத்திலும் பங்கை மாற்ற வேண்டுமென்றால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டரும், பெடலின் விசையை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் பேலன்ஸ் பாரும்தான் வழி.